களமும் அவர்களுடையது, மரக்காலும் அவர்களுடையது!

"வீட்டில் இருந்தபடியே மாதம் ஓர் இலட்சம்!" பேருந்து நிலையத்துச் சுவரிலே ஒட்டப்பட்டிருக்கிறது இந்த வாசகம். கைபேசியைத் திறந்தால் அங்கேயும் இதே வாசகம். "மேஸ்திரிக்கு வணக்கம் போட வேண்டாம். ஷிப்டுக்கு ஓட வேண்டாம். ஒரு வலைதளம் தொடங்குங்கள், அதிலே கூகுள் விளம்பரம் இடம்பெறச் செய்யுங்கள், எஸ்.இ.ஓ. கற்றுக் கொள்ளுங்கள், பிறகு தூங்கும்போதும் பணம் வரும்!"

தூங்கும்போதும் பணம் வருமாம்! அப்படிப் பணம் வருகிற கூட்டம் ஒன்று உலகில் உண்டு என்பதை நாம் அறிவோம், தோழர்களே. அந்தக் கூட்டத்திலே உழைப்பாளி என்றைக்காவது இருந்ததுண்டா? அவன் விழித்துக் கிடப்பதாலல்லவா அவர்கள் தூங்க முடிகிறது!

சில வாரங்களுக்கு முன் தோழர் ஒருவர் நம்மைக் காண வந்தார். நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்ப்பவர். மகன் ஐ.டி.ஐ. படித்தவன், மோட்டார் காயில் கட்டத் தெரிந்தவன். அவனை இந்தச் சுவரொட்டி பிடித்துக் கொண்டது. மனைவியின் தோட்டை அடகு வைத்து, ஒரு பயிற்சி நிலையத்தில் இருபதாயிரம் ரூபாய் கட்டினார் தோழர். மூன்று மாதம் பயிற்சி. அதன் பின் எட்டு மாதம் இரவு பகலாகப் பையன் எழுதினான். ஒரு நாள் தபாலில் கடிதம் வந்தது. குடும்பமே கூடி, காசோலை என்று நினைத்துப் பிரித்துப் பார்த்தது. உள்ளே இருந்தது காசோலை அல்ல, ஓர் எண். கணக்கில் பத்து டாலர் சேர்ந்தால், முகவரி உண்மைதானா என்று சோதிக்க அப்படி ஓர் எண் அனுப்புவது வழக்கம். பணம் கைக்கு வர வேண்டுமானால் நூறு டாலர் சேர வேண்டும்.

"இது மோசடியா? அல்லது என் பையனுக்குச் சாமர்த்தியம் போதாதா? இரண்டில் ஒன்றை நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார் அந்தத் தோழர்.

இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லிவிட முடியவில்லை நம்மால். அவர் கேட்டது அவர் ஒருவருடைய கேள்வியும் அல்ல. ஆகவே, விடையை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

பணம் எங்கே முளைக்கிறது?

முதலிலே, இந்தப் பணம் எங்கே முளைக்கிறது என்று பார்ப்போம். வானத்திலிருந்து விழுவதல்ல, ஏலத்திலே முளைப்பது.

1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் பில் கிராஸ் என்ற வணிகர் 'கோடு' என்ற தேடுபொறியைத் தொடங்கினார். அவர் கண்டுபிடித்த சூட்சுமம் இதுதான்: மக்கள் தேடும் சொல்லையே ஏலம் விடுவது! 'பூட்டு' என்று ஒருவர் தேடினால், பூட்டு விற்பவர்களில் யார் அதிகப் பணம் தருகிறாரோ அவருடைய பெயர் மேலே நிற்கும். யாராவது அதன்மேல் கிளிக் செய்தால்தான் பணம். அதே 1998இல் லாரி பேஜ், செர்கெய் பிரின் என்ற இரு மாணவர்கள் கூகுளைத் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் விளம்பரத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். 2002இல் கிளிக் ஒன்றுக்கு இவ்வளவு என்ற ஏல முறைக்கு வந்து சேர்ந்தார்கள். கேட்கும் விலையோடு விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு வரிசை போட்டார்கள்.

அன்று முதல் இன்று வரை, நீங்களும் நாமும் ஒரு சொல்லைத் தட்டும் ஒவ்வொரு முறையும், கண் இமைப்பதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. ஏலப் பொருள் எது? நம்முடைய தேவை! நோய் வந்தவனின் தேவை, கடன் கேட்பவனின் தேவை, வேலை தேடுபவனின் தேவை.

எந்தச் சொல்லுக்கு விலை அதிகம்? நெல்லுக்கா, நூலுக்கா? இல்லை. காப்பீடு, கடன், வழக்கறிஞர் ஆகிய சொற்களுக்கே விலை அதிகம். ஓர் உதாரணம் கேளுங்கள். அமெரிக்காவில் நெடுங்காலமாக மிக உயர்ந்த விலைக்குப் போகும் சொற்களில் ஒன்று 'மெசோதெலியோமா'. அது என்ன? ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்த தொழிலாளிக்கு, வேலையை விட்டுப் பல பத்தாண்டுகள் கழித்து வருகிற புற்றுநோய். கப்பல் கட்டும் துறையிலும், கொதிகலன் அறையிலும், கட்டட வேலையிலும் உழைத்தவர்களுக்கு வந்த நோய். நட்ட ஈட்டு வழக்கை யார் நடத்துவது என்று வழக்கறிஞர் நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. ஆகவே, ஒரே ஒரு கிளிக்குக்குப் பல பத்து டாலர், சில வேளைகளில் நூறு டாலருக்கும் மேல். தொழிலாளியின் நுரையீரல் வெந்து போனது. அந்த நோயின் பெயர் ஏலத்திலே உச்ச விலைக்குப் போனது! இந்தச் சந்தையின் குணத்தை அறிய வேறு சாட்சி வேண்டுமா?

வாரக் கணக்கு

சரி, வலைதளம் வைத்திருப்பவருக்கு இதிலே பங்கு எப்படி வருகிறது?

2003இல் கூகுள் 'ஆட்சென்ஸ்' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. உங்கள் வலைதளத்தில் இடம் கொடுங்கள். விளம்பரத்தை நாங்கள் கொண்டு வந்து போடுகிறோம். வருவதைப் பங்கு வைத்துக் கொள்வோம் என்றார்கள். என்ன பங்கு? ஏழு ஆண்டுகள் அதை வெளியிடவில்லை! 2010இல்தான் கணக்கு வெளியே வந்தது: தளக்காரருக்கு நூற்றுக்கு 68, கூகுளுக்கு 32. 2024இல் முறையை மாற்றினார்கள். விளம்பரம் வாங்கித் தரும் தரகுக்கு ஒரு கழிவு, மிச்சத்தில் 80 பங்கு தளக்காரருக்கு என்றார்கள். கூட்டிக் கழித்தால் ஏறத்தாழ அதே 68தான் என்று அவர்களே சொன்னார்கள்.

தமிழ் வலைதளங்களுக்கு இந்தக் கதவு 2018இல்தான் முறைப்படி திறந்தது. இந்திக்கு 2014இலேயே திறந்துவிட்டது. அந்த இடைவெளி ஏன் என்று எவரும் நம்மிடம் சொல்லவில்லை.

'அறுபத்தெட்டுப் பங்கு நல்ல பங்குதானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1956ஆம் ஆண்டு நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய் நிலத்துக்கு என்ன சொன்னது? நிலக்காரருக்கு 40, உழுதவனுக்கு 60. அதற்கு முன் உழுதவன் கையில் நின்றதோ அதிலும் குறைவு. அதைப் பார்க்கும்போது இந்த 68 மேலானதாகத் தோன்றும்.

ஆனால், தோழர்களே, உழவன் களத்திலே நின்றான். நெல் குவிவதைக் கண்ணால் பார்த்தான். நிலக்காரர் கள்ள மரக்கால் கொண்டு வந்தால் கண்டுபிடித்தான். முத்திரை மரக்கால் வேண்டும் என்று கேட்டுப் போராடினான். இங்கே களம் எங்கே? கடல் கடந்து கிடக்கும் கணினிக் கூடங்களிலே! எத்தனை கிளிக் விழுந்தது, அதிலே எத்தனை செல்லும், எத்தனை செல்லாது, ஏலம் எந்த விலைக்குப் போனது, எல்லாம் அவர்கள் அளந்து சொல்வதுதான். நூற்றுக்கு 68 என்கிறார்களே, எந்த நூற்றுக்கு 68? களமும் அவர்களுடையது; மரக்காலும் அவர்களுடையது; அளக்கிற கையும் அவர்களுடையது!

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2024ஆம் ஆண்டிலே கூகுள் தன்னுடைய தேடல் பக்கங்களிலும் அதைச் சார்ந்த இடங்களிலும் விளம்பரத்தால் பெற்ற வருமானம் ஏறத்தாழ 19,800 கோடி டாலர். பிறருடைய தளங்களிலும் செயலிகளிலும் விளம்பரம் போட்டுப் பெற்றது ஏறத்தாழ 3,000 கோடி டாலர். உங்கள் 68 பங்கு எல்லாம் இந்தச் சின்னக் குவியலில்தான். பெரிய குவியலிலே எழுதியவனுக்கு வாரமே இல்லை! ஆனால் ஆப்பிள் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. தன் கருவிகளிலே கூகுளையே முதலில் வைத்ததற்காக 2022ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அது பெற்றது 2,000 கோடி டாலர். வாசலைக் கொடுத்தவனுக்கு வாரி வழங்குகிறார்கள். சரக்கைக் கொடுத்தவனுக்கு என்ன? "வாசகர்களை இலவசமாக அனுப்புகிறோமே!" என்பது பதில்.

நல்லது. அதுவே ஒப்பந்தமாக இருக்கட்டும். அந்த ஒப்பந்தமாவது நிலைத்ததா? 2024 மே மாதம் அமெரிக்காவிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும், தேடல் பக்கத்தின் உச்சியிலேயே ஏ.ஐ. இயந்திரம் எழுதிய விடையைக் காட்டத் தொடங்கினார்கள். பலருடைய பக்கங்களிலிருந்து திரட்டிய விடை. அதைப் படித்தவருக்கு உங்கள் தளத்துக்குப் போக என்ன வேலை? வாசகரை அனுப்புவதே கூலி என்றவர்கள், சரக்கையும் எடுத்துக் கொண்டு, அந்தக் கூலியிலும் கை வைத்தார்கள்.

எஸ்.இ.ஓ. என்னும் வித்தை

இனி எஸ்.இ.ஓ. பற்றி. தேடலிலே நம் பக்கம் மேலே வருவதற்கான வேலைக்கே அந்தப் பெயர். அதிலே நேர்மையான பகுதி உண்டு. அதை நாம் குறை கூறவில்லை. தலைப்பைத் தெளிவாக வை. வாசகர் கேட்கும் சொல்லிலேயே விடை சொல். பக்கம் விரைவாகத் திறக்கட்டும். கைபேசியிலும் படிக்க முடியட்டும். இவை நல்ல கடைக்காரர் பெயர்ப்பலகை எழுதுவது போன்றவை.

ஆனால் வித்தை அங்கே நிற்கவில்லை. கூகுளின் ஆரம்பக் கொள்கை என்ன? ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் இணைப்புக் கொடுத்தால் அது ஓட்டுப் போட்டது போல. மதிப்புள்ளவர் போட்ட ஓட்டுக்கு மதிப்பு அதிகம். ஓட்டு என்று வந்துவிட்டால் கள்ள ஓட்டு வராமல் இருக்குமா? காசு கொடுத்து இணைப்பு வாங்கினார்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தால், மனிதன் கண்ணுக்குத் தெரியாமல், சொற்களைக் கொட்டினார்கள். கூலிக்கு ஆள் வைத்து நாள் முழுதும் ஒப்புக்குக் கட்டுரை எழுத வைக்கும் பண்ணைகள் முளைத்தன. ஆம், பண்ணை என்ற பெயர் ஆங்கிலத்திலும் அவற்றுக்கு உண்டு!

கூகுளும் களை எடுத்தது. 2011 பிப்ரவரியில் 'பாண்டா', 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற மாற்றங்கள் வந்தன. பண்ணைகள் சரிந்தன, நல்லதுதான். ஆனால் தண்டனை எல்லோருக்கும் ஒன்றா? 2006இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் தளம் பித்தலாட்டம் செய்ததற்காக நீக்கப்பட்டது. சில நாட்களிலே திரும்பி வந்துவிட்டது! 2011இல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடை, இணைப்புகள் குவித்துப் பிடிபட்டது. சில மாதங்களில் அதுவும் பழைய நிலைக்கு ஏறியது. 2023 செப்டம்பரில் வந்த மாற்றத்தில் பாதிக்கப்பட்ட சிறிய தளக்காரர்கள் பலர், என்ன குற்றம் செய்தோம் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். கோட்டீசுவரன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வருகிற சட்டம், குடிசையின் கதவைப் பெயர்த்து எடுத்துப் போகிறதே, இது எந்த நியாயம்?

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். தேடுபொறி சரியாகக் காட்டுகிறதா என்று மதிப்பெண் போட மனிதர்களும் இருக்கிறார்கள். இயந்திரம் என்று நாம் நினைப்பதற்குப் பின்னால் கூலித் தொழிலாளி இருக்கிறார். நேரடி வேலை அல்ல, ஒப்பந்த வேலை. அமெரிக்காவில் அவர்களில் ஒரு பகுதியினர் சங்கத்தின் துணையோடு போராடி, 2023 ஜனவரியில் மணிக் கூலியை 14 டாலர் அளவுக்கு உயர்த்திக் கொண்டார்கள். 2024இல் அந்த ஒப்பந்தத்தையே கூகுள் முடித்துக் கொண்டது. ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருக்கும் நம் தோழர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

"யார் கட்டாயப்படுத்தினார்கள்?"

"பிடிக்காவிட்டால் விலகிக் கொள்வதுதானே? யாரும் கட்டாயப்படுத்தவில்லையே!" என்று சிலர் வாதாடுவார்கள். கேட்கிறோம்: விலகி எங்கே போவது?

2024 ஆகஸ்டு 5ஆம் நாள் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலிலும் அதன் எழுத்து விளம்பரத்திலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக் கொண்டது என்று தீர்ப்பளித்தார். அந்நாட்டுத் தேடல்களில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்கு அந்த ஒரே வாசலில்தான் நடந்தன. முதல் இடத்தைப் பிடித்து வைக்க 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் செலவிட்டார்கள் என்பதும் அங்கே வெளிவந்தது. 2025 ஏப்ரல் 17ஆம் நாள் வேறொரு நீதிபதி, லியோனி பிரிங்கெமா, தளங்களில் விளம்பரம் விற்கும் கருவியிலும் சந்தையிலும் ஏகபோகம் சட்டவிரோதம் என்றார். விற்பவனின் தராசும், வாங்குபவனின் தராசும், நடுவே மண்டியும் ஒருவனிடமே இருந்தால் அதற்கு வேறு என்ன பெயர் சூட்டுவது?

இந்தியாவில் என்ன நடந்தது? தமிழுக்கு ஆட்சென்ஸ் வந்த அதே 2018ஆம் ஆண்டில், பிப்ரவரி மாதம், தேடல் முடிவுகளில் ஒருபக்கம் சாய்ந்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இணைய விளம்பரத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் பெறும் தொகைக்கு 2016 முதல் நூற்றுக்கு 6 வீதம் ஒரு வரி இருந்தது. அதையும் 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசு நீக்கிவிட்டது. பீடிக்கட்டுக்கு வரி உண்டு. தீப்பெட்டிக்கு வரி உண்டு. ஏலக்காரனின் மேசைக்கு இருந்த வரி மட்டும் போயிற்று!

இதையெல்லாம் பொறாமையில் பேசுகிறோமா? 1998இலே பேஜும் பிரினும் தங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதியதையே பாருங்கள்: விளம்பரப் பணத்தில் நடக்கும் தேடுபொறி, மக்களின் தேவையை விட்டு விளம்பரதாரரின் பக்கமே சாயும் என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். மாணவராக இருந்தபோது சொன்ன உண்மை, முதலாளியானபோது மறந்து போயிற்று. நாம் அதை நினைவூட்டுகிறோம், அவ்வளவே.

என்ன செய்வது?

அப்படியானால் வலைதளமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டோம். தறி வந்தபோது தறியை வெறுக்கவில்லை நாம். தறிக்காரனின் கூலியைக் கேட்டோம். ஆகவே, நம் தோழர்களும் அவர்கள் பிள்ளைகளும் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதை நம்ப வேண்டாம். இது பக்க வருமானமாக இருக்கலாம், அடுப்பெரிக்கும் கூலியாக எல்லோருக்கும் ஆகாது. கற்பிக்கப் பணம் கேட்பவரிடம், "உங்கள் சொந்தத் தளத்தின் வருமானக் கணக்கைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கட்டணம் வாங்குவதே அவர் வருமானமாக இருந்தால், வந்த வழியே திரும்புங்கள். தேடுபொறியில் ஏறுவது எப்படி என்பதைக் கூகுளே இலவசமாக எழுதி வைத்திருக்கிறது. இருபதாயிரம் தர வேண்டியதில்லை.

உங்கள் தள விளம்பரத்தை நீங்களே கிளிக் செய்யாதீர்கள். நண்பர்களையும் செய்யச் சொல்லாதீர்கள். கணக்கை மூடிவிடுவார்கள், சேர்ந்த பணமும் போகும். காசுக்கு இணைப்பு வாங்காதீர்கள். பிறர் எழுதியதைப் புரட்டிப் போட்டு எழுதாதீர்கள். அந்த வேலையை இனி இயந்திரமே செய்துவிடும். உங்கள் கை அறிந்ததை எழுதுங்கள். அது இயந்திரத்தின் கைக்கு எளிதில் சிக்காது. ஒரே வாசலை நம்பி வீடு கட்டாதீர்கள். வாசகரின் முகவரியை நேராகப் பெற்று, நேராக அவரிடம் போங்கள். உள்ளூர்க் கடைக்காரரின் விளம்பரத்தை நேராகப் பேசி வாங்குங்கள். அங்கே பங்கு கேட்க நடுவில் ஆள் இல்லை.

அரசிடமும் ஆணையத்திடமும் நாம் கேட்பவை நான்கு. விளம்பரதாரர் கொடுத்தது எவ்வளவு, தளக்காரருக்குச் சேர்ந்தது எவ்வளவு என்பதை ஒவ்வொருவருக்கும் காட்டும் கணக்கு வேண்டும். அதை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும். கணக்கை மூடினால் காரணத்தைத் தாய்மொழியில் சொல்ல வேண்டும்; முறையிட இடம் வேண்டும். பிறர் எழுத்தைத் திரட்டி இயந்திரம் விடை சொன்னால் எழுதியவருக்குப் பங்கு வேண்டும். ஆஸ்திரேலியா 2021இல் செய்தித்தாள்களுக்காகப் பேரம் பேசும் சட்டம் செய்தது. கனடா 2023இல் செய்தது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? நான்காவதாக, பொய் வருமானம் காட்டிக் கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையங்கள்மீது நடவடிக்கை வேண்டும்.

எழுதுகிறவர்களும் தனித்தனியே புலம்பாமல் ஒன்று சேர வேண்டும். ஒற்றைக் குடியானவன் கேட்டபோது நிலக்காரர் சிரித்தார். ஊரே கேட்டபோது களத்திற்கு முத்திரை மரக்கால் வந்தது.

இப்போது நூற்பாலைத் தோழருக்கு விடை. தோழரே, பயிற்சி நிலையம் செய்தது மோசடி. கட்டணத்தைத் திரும்பக் கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுங்கள். மனு எழுத நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உங்கள் பையனுக்குச் சாமர்த்தியம் குறைவில்லை. அவன் எழுதிய பக்கங்களைப் பார்த்தோம்: கடன் செயலிகள், சினிமாச் செய்திகள், பிறர் எழுதியவற்றின் நகல்கள். நூற்றுக்கு மேல் இருக்கின்றன. மோட்டார் காயில் கட்டுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! அதற்கு ஏலத்தில் விலை இல்லை என்று பயிற்சி நிலையத்தில் சொன்னார்களாம். விலை இல்லாமல் இருக்கலாம்; ஆனால் மோட்டார் எரிந்து போன உழவன் ஒருவன் அதைத் தேடிப் படித்தால், மோட்டாரைத் தூக்கிக் கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கே வருவான். அந்தக் கூலியை அளக்க எவனுடைய மரக்காலும் வேண்டாம்.

அடகிலிருந்து தோடு மீளட்டும். பையன் எழுதட்டும், தனக்குத் தெரிந்ததை எழுதட்டும். நாம் எல்லோரும் சேர்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்போம். நாம் கேட்பது தருமம் அல்ல, முத்திரை மரக்கால்!